ஒண்ணுமே நடக்காத கதைங்க மட்டும் ஏன் இன்னும் நிக்குது?

வடசேரி மாடி:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வடசேரில ஒரு வீட்டு மொட்டை மாடில கூடி பழைய சிறுகதை வாசிக்கோம்னு இங்க நெறய பேருக்குத் தெரியும். போன வாரம் காலேஜ் பிள்ளைங்க கொஞ்ச பேரு புதுசா வந்திருந்தாங்க, சின்னதா ஆரம்பிப்போம்னு அசோகமித்திரனுக்க 'எலி'யும் நம்ம அழகியபாண்டிபுரத்துக்காரர் கிருஷ்ணன் நம்பிக்க 'மருமகள் வாக்கு'ம் எடுத்தோம். வாசிச்சு முடிச்ச உடனே இன்ஜினியரிங் படிக்க ஒரு தம்பி சட்டுனு கேட்டுட்டான், "சார், எலியப் புடிக்காங்க, கொண்டு போயி விடுதாங்க. ஓட்டுப் போடப் போறாங்க, போட்டுட்டு வாறாங்க. இதுல என்ன சார் நடந்துட்டு?"ன்னு.

எனக்குக் கோவம் வரல்ல, கேள்வி நியாயம்தான். அந்தக் காலத்துல பத்திரிகைல வாராவாரம் வந்த ராஜா கதை, துப்பறியும் கதை, அழுகாச்சித் தொடர்கதை எல்லாம் போன எடம் தெரியல்ல, இந்த எலியும் மருமகளும் மட்டும் நிக்குது. எதனால? 'யதார்த்தம்', 'மனிதநேயம்'னு பின்னட்டைல போடுத வார்த்தைய எல்லாம் விட்டுட்டுச் சொல்லுங்க. அடுத்த வாரம் என்ன கதை எடுக்கலாம்னும் சொல்லுங்க, அந்தத் தம்பி திரும்ப வருவான்னு நெனைக்கேன்.

தோவாளை பிச்சி:

அந்தத் தம்பிக்கு ஓட்டுப் போட்டுட்டு மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போற அனுபவம் இல்ல, அதான் ஒண்ணும் நடக்கல்லன்னு சொல்லுதான் :)

'மருமகள் வாக்கு'ல பூனைச் சின்னம், கிளிச் சின்னம்னு ரெண்டு. அந்த ருக்மிணிக்கு கிளிதான் பிடிச்சிருக்கு. மாமியாருக்குப் பூனை. வோட்டுச் சாவடிக்குள்ள அவ தனியா நிக்கா, மாமியார் பக்கத்துல இல்ல, புருசன் இல்ல, யாரு பாக்கப் போறா? ஆனா கை போயி பூனைல விழுந்துருது. வெளிய வந்தா பொம்பளைங்க கேக்காங்க யாருக்குடீ போட்டேன்னு, "எங்க மாமியாருக்கு"ங்கா. அம்புட்டுத்தான் கதை. அடி இல்ல, சூடு போடல்ல, கிணத்துல குதிக்கல்ல. மாமியார ராட்சசின்னும் எழுதல்ல மனுசன். அது ஊருல எல்லா வீட்டுலயும் நடக்க மாதிரி ஒரு வீடு, அதுல ஒரு பசு, ஒரு மருமக, ரெண்டு பேருக்கும் வேலை.

எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல, ஆதார்ல விலாசம் மாத்துறதுக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு எந்தச் சின்னம்னு சொல்லிக் குடுத்துட்டாங்க. நானும் "செரி அத்தே"ன்னுட்டேன். பிறகு இந்தக் கதைய வாசிச்சப்ப சிரிச்சேன், சிரிச்சு முடிச்ச பிறகு கொஞ்ச நேரம் யாருகிட்டயும் பேசப் பிடிக்கல்ல. நம்பி 1976ல செத்துட்டாரு, சின்ன வயசு. எனக்க வீட்ட அவரு பாத்திருக்க வழியே இல்ல.

கோட்டாறு பழைய பில்லு:

தங்கச்சி சொன்னது செரி. நான் வேற ஒரு பக்கமா வாறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கிடணும்.

நான் ஜவுளிக்கடைல தலை நரைக்கது வரைக்கும் பில்லு போட்டவன். படிப்பு பெருசா இல்ல. சுந்தர ராமசாமி சாரும் இங்க நாகர்கோவில்ல ஜவுளிக்கடை நடத்துனவருதான, அதனால அவரு 'விகாசம்' எழுதியிருக்காருன்னு ஒருத்தர் குடுத்தப்ப, சரி நம்ம தொழில் கதைல்லான்னு வாசிச்சேன். கண்ணு தெரியாத ராவுத்தர் ஒருத்தர், கடைல பில்லு எல்லாம் மனக்கணக்காவே போடுவாரு. அப்புறம் கால்குலேட்டர் வருது. பாக்கவே சின்ன மிஷினு, அதுக்கு மின்னாடி ஒரு மனுசன் தனக்க மதிப்ப எங்க கொண்டு வைப்பான்?

இத வெளிய உள்ளவங்க வாசிச்சா 'மனிதனும் இயந்திரமும்'னு தலைப்புப் போட்டு பேசுவாங்க. எனக்கு அது இல்ல. எங்க காலத்துல ரெண்டேகால் மீட்டரு, மீட்டரு 18 ரூவா 75 பைசான்னு பையன் கத்துவான், அவன் துணிய மடிக்கதுக்குள்ள 42 ரூவா 19 பைசான்னு நான் கார்பன் தாள்ல அமுக்கி எழுதியிருப்பேன், அதுல ஒரு கெத்து உண்டு பாத்துக்கிடுங்க, சம்பளம் கொறச்சல்தான் ஆனா அந்தக் கெத்துலதான் சோறு எறங்கும். மிஷினு வந்த பிறகு புதுசா வந்த பய எனக்க பில்ல வாங்கி மிஷின்ல தட்டிச் சரி பாத்தான். தப்பு ஒண்ணும் இல்ல, சரியாத்தான் இருந்துது. ஆனா சரி பாத்தான்லா. அதாக்கும் விசயம். இத நான் வீட்டுல சொன்னா சிரிப்பாங்க, இதெல்லாம் ஒரு வருத்தமான்னு. சு.ரா. சார் அத ஒரு வருத்தமா மதிச்சு எழுதிட்டாரு.

அதோட அவரு ராவுத்தர அழவச்சு அனுப்பல்ல, மிஷினால ஞாபகம் வச்சுக்கிட முடியாததுல அந்த மனுசன் எப்பிடி மேல ஏறி வாறாருன்னு காட்டியிருக்காரு. நான் பாத்தது என்னன்னா இந்த மாதிரிக் கதை எல்லாத்துலயும் ஒருத்தனுக்கு ஏதோ ஒரு சின்ன, குறிப்பான சாமான் வேணும். சு.ரா.வுக்க 'பிரசாதம்' பாருங்க, ஒரு போலீஸ்காரருக்கு அஞ்சு ரூவா வேணும். அஞ்சே ரூவா. அதுக்கு அவரு படுத பாடு, கோயில் அர்ச்சகர மடக்கி நிறுத்தி மெரட்டுதது, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அளக்கது, அதுலயே கதை ஓடிரும். உலகத்துல உள்ள ஊழலப் பத்தி எழுதப் போறேன்னு உக்காந்திருந்தா ரெண்டாம் பக்கத்துல நான் மூடி வச்சிருப்பேன்.

பழையாத்தங்கரை:

பில்லு அண்ணாச்சி எழுதுனதே ஒரு கதை கணக்கா இருக்கு. ஆனா ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி இழைல எல்லாம் கொஞ்ச நேரத்துல 'ஆஹா அந்தக் காலம், அந்தத் திண்ணை, அந்த மட்டிப்பழம்'னு ஆரம்பிச்சிருவாங்க. பழைய கதைய வாசிக்கது பழைய காலத்துக்காகன்னா பேசாம பழைய போட்டோ பாக்கலாம்.

புதுமைப்பித்தனுக்க எந்தக் கதைலயாவது அந்தக் காலம் நல்லா இருந்துதுன்னு தோணுமா? 'ஒரு நாள் கழிந்தது' எழுதுனது 1930கள்ல. ஒரு எழுத்தாளன், பொண்டாட்டி, ஒரு வாயாடிப் பிள்ளை, வீட்டுல சல்லிக்காசு இல்ல. கடன் கேக்கணும், யாருகிட்ட எப்பிடிக் கேக்கது, கேக்காத மாதிரி எப்பிடிக் கேக்கது, அதாக்கும் முழுக் கதையும். கடைசில திங்கட்கிழமைக்கு என்ன செய்யன்னு பொண்டாட்டி கேக்கா, திங்கட்கிழமை பாத்துக்கிடுவோம்னு அவன் சொல்லுதான். முடிஞ்சுது. எனக்கு மாசக் கடைசில பேங்க்ல இருந்து கடன் தவணைக்கு மெசேஜ் வரும்போதெல்லாம் இந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வரும். அணா போயி, பைசா போயி, இப்ப போன்ல தட்டுனா காசு போகுது, ஆனா நண்பன்கிட்ட கை நீட்டுதப்ப முதல்ல அவனுக்க பிள்ளைங்க படிப்ப எல்லாம் விசாரிச்சுட்டு அப்புறமா விசயத்துக்கு வாற அந்தச் சுத்துவழி அப்பிடியே இருக்கு.

புதுமைப்பித்தன் கடைசில நம்ம பக்கத்துல திருவனந்தபுரத்துலதான் செத்தாரு, 1948 ஜூன் 30, காச நோய், 42 வயசு. கைல காசில்லாதவன் எழுதுன கதைல காசு பொய் சொல்லாது.

குளச்சல் கரைமடி:

எல்லாம் கேக்க நல்லா இருக்கு. நான் கொஞ்சம் கசப்பாக் கேக்கேன், யாரும் கோவிக்கண்டாம். 'அன்றாட வாழ்க்கை, அன்றாட வாழ்க்கை'ங்கியளே, யாருக்க அன்றாடம்? குமாஸ்தா, எழுத்தாளன், அர்ச்சகர், ஜவுளிக்கடை முதலாளி. நீங்க சொன்ன பட்டியல்ல கட்டுமரம் உண்டா? பனையேறி உண்டா? எங்க அப்பா வெடியக்காலம் மூணு மணிக்கு எழும்பிப் போவாரு, திரும்பி வந்தா கரைல சாளை மீனு ஏலம் போவும், ஏலம் விடுதவன் ஒரு தொகை சொல்லுவான், எங்க அம்மை முகத்தப் பாத்தாலே இன்னைக்கு என்ன குழம்புன்னு எங்களுக்குத் தெரியும். இது அன்றாடம் இல்லியா? இத எழுதி 'கிளாசிக்'னு யாராவது வச்சிருக்காவளா?

ஓகி புயல் அடிச்சப்ப, 2017 நவம்பர் கடைசில, கேமரா எல்லாம் வந்துது. புயல் இல்லாத நாள எழுத யாரு வந்தா?

கருங்கல் டீச்சர்:

குளச்சல் தம்பி, கசப்பு ஞாயம்தான், ஆனா பட்டியல நீங்களும் முழுசாப் பாக்கல்ல. ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மா 'புத்தம் வீடு' எழுதுனது 1964. பனையேறிக்க மகன் தங்கராஜும் லிஸியும். தோப்பில் முகமது மீரான் ஐயா தேங்காப்பட்டணத்த வச்சு 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' கொண்டு வந்தது 1988, வத்தல் வியாபாரம் பாத்துக்கிட்டே எழுதுனவரு. குமாரசெல்வாவுக்க 'உக்கிலு' கதைங்கள எடுத்துப் பாருங்க, விளவங்கோட்டுப் பேச்சு காதுல வந்து விழும். எல்லாம் எனக்க பள்ளிக்கூட அலமாரில இருக்கு, பசங்கள விட நான்தான் அதிகம் எடுக்கேன்.

ஆனா நீங்க சொன்னதுல பாதி நெசம். முதல் ரெண்டும் நாவல். சிறுகதைங்கது பத்திரிகைய நம்பி இருந்த சாதனம், அந்தப் பத்திரிகை ஆபீஸ் மெட்ராஸ்ல இருந்துது, அங்க யாரு போயி உக்காந்தாங்களோ அவங்க வீட்டு அன்றாடம்தான் முதல்ல அச்சேறிச்சு. பாதி நாளு பட்டினி கிடந்த குமாஸ்தாதான், இருந்தாலும் எழுத்து தெரிஞ்ச குமாஸ்தா.

இன்னொண்ணு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கதைங்க பலதும் பசியப் பத்தினது, யாரும் கவனிக்கியளா? நாஞ்சில் நாடன் 1975ல எழுதுன முதல் கதை 'விரதம்'. ரெண்டு மக வீட்டுக்கும் போற வயசான அப்பா, அங்க சாப்பிட்டிருப்பாருன்னு இவளும், இங்க சாப்பிட்டிருப்பாருன்னு அவளும் நெனைச்சுக்கிடுதாங்க. யாருமே கெட்டவங்க கிடையாது. கேட்டு வாங்கித் தின்ன அப்பாவுக்கு வாய் வரல்ல. பம்பாய்ல வேலை பாத்துக்கிட்டு இருந்த காலத்துல இத எழுதுனவரு அவரு, ஊர்ச்சோறு ஞாபகத்துல எழுதுனா பிரியாணி மாதிரி மணக்க மணக்க எழுதியிருக்கலாம், சோறு கிடைக்காத கதையல்லா எழுதியிருக்காரு.

'இடலாக்குடி ராசா' அதவிட மோசம். கல்யாணப் பந்தில இல போட்டு உக்கார வச்சு, வெளையாட்டுக்குன்னு பசங்க அவன ஏமாத்துவாங்க. அவன் எழும்பிப் போயிருவான். நான் எட்டாங்கிளாஸ்ல இத வாசிச்சுக் காட்டுனப்ப பின் பெஞ்சு ஒருத்தன், நல்ல சேட்டக்காரன், "டீச்சர், அவனக் கூப்பிட யாரும் பின்னால ஓடலியா?"ன்னு கேட்டான். ஓடுனாங்களான்னு நீயே வாசின்னு புத்தகத்த அவன் கைல குடுத்தேன். புத்தகம் இன்னும் திரும்பி வரல்ல.

முப்பந்தல் காத்தாடி:

நான்தான் அந்தத் தம்பி. வடசேரி சார் லிங்க் அனுப்புனாங்க. எல்லாரும் எனக்குப் புத்தி சொல்லுவீங்கன்னு நெனைச்சேன், பரவால்ல.

ஒரு விசயம் ஒத்துக்கிடணும் நீங்களும். இந்தக் கதைங்கள்ல பாதிக்கு எங்களால உள்ள போக முடியல்ல. அபேட்சகர்னா என்ன? வேட்பாளராம். அது தெரியவே எனக்கு கூகிள் வேண்டி வந்துது. நீங்க வாசிக்கும்போது அந்த வீடு, அந்தத் தெரு எல்லாம் ஏற்கெனவே உங்க தலைக்குள்ள இருக்கு. எங்களுக்கு அது இல்ல, நாங்க அப்பார்ட்மெண்ட்டுல வளந்தோம், எங்க சொந்த ஊருக்குப் போறதே கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும்தான். 'எலி' எனக்கு இப்பவும் சப்புன்னுதான் இருக்கு, சும்மா பிடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா அதுக்குப் பிறகு வீட்டுல புதுமைப்பித்தன் ரெண்டு கதை வாசிச்சேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' செம. கடவுளு பூமிக்கு வந்து மெட்ராஸ்ல வழி கேக்காரு, பிள்ளை அவர காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போறாரு, கடவுள்னு தெரிஞ்ச பிறகும் தனக்க வைத்தியப் பத்திரிகைக்கு சந்தா புடிக்கப் பாக்காரு பாருங்க, அங்க நான் சத்தமாச் சிரிச்சுட்டேன். எங்க மாமா ஒருத்தர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், இழவு வீட்டுலயும் பாலிசி பேசுவாரு, அதே ஆளு.

'செல்லம்மாள்' பாதில வச்சிட்டேன். மூச்சு ஒடுங்குனதுல ஆரம்பிக்குது, அப்புறம் பின்னால போயி அந்த ஆளு கடைக்குப் போறதும் வாறதும் வெந்நீர் போடுததும்னு போகுது. எங்க அம்மாச்சி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகிக் கிடந்தப்ப எங்க தாத்தா இப்பிடித்தான், ஒண்ணுமே பேசமாட்டாரு, பிளாஸ்க்கத் தூக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாரு. மேல வாசிக்க முடியல்ல. இது கதை நல்லா இருக்குன்னு அர்த்தமா இல்ல எனக்க வீட்டுல அப்பிடி நடந்ததாலயான்னு எனக்கு டவுட்டு. வீட்டுல யாரும் படுக்காதவனுக்கு இந்தக் கதை வேலை செய்யுமா? செய்யலன்னா அது எப்பிடி கிளாசிக்?

பழையாத்தங்கரை:

தம்பி நல்ல கேள்வி கேட்டான், நீங்க எல்லாம் ஒளறுததுக்கு நூறு மடங்கு.

எனக்க பதில்: வேலை செய்யும், ஆனா வேற மாதிரி. நான் 'செல்லம்மாள்' முதல்ல வாசிச்சப்ப எனக்கு இருவது வயசு, கல்யாணம் இல்ல, வீட்டுல யாருக்கும் சீக்கு இல்ல. அப்ப எனக்குப் பிடிச்சது அந்த ஆளு பொண்டாட்டி செத்துட்டான்னு தெரிஞ்ச பிறகும் ஒவ்வொரு வேலையா ஒழுங்காச் செய்யிததுதான், அது ஒரு மாதிரி பயமா இருந்துது, இவனுக்கு மனசு கல்லான்னு கோவம் வந்துது. அழுகை வரல்ல. அழுகை எல்லாம் பிறகு, அது வேற கணக்கு. சொந்த அனுபவம் இருந்தாத்தான் ஏறும்னா கடவுளக் காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போன அனுபவம் உனக்கு எங்க இருந்து வந்துது?

'எலி' சப்புன்னு இருக்குன்னியே, கடைசில பொறிக்குள்ள அந்த வடைய பாத்தியா? எலி அத கடிக்கவே இல்ல, முழுசாக் கிடக்கு. அத வாசிச்சும் சப்புன்னு இருந்தா விட்டுரு, அஞ்சு வருசம் கழிச்சுப் பாப்போம்.

முப்பந்தல் காத்தாடி:

வடை பாத்தேன் தாத்தா. பாவம்னு தோணிச்சு. அவ்வளவுதான்.

தோவாளை பிச்சி:

எலி புடிச்சு விட்டுட்டு வந்த ஆளுக்கும் அவ்வளவுதான் தோணியிருக்கும் :)

பில்லு அண்ணாச்சி சொன்ன 'சின்ன சாமான் வேணும்'ங்கது எனக்கு முழுசா ஒத்துக்கிட முடியல்ல. ருக்மிணிக்கு என்ன சாமான் வேணும்? ஒண்ணும் வேண்டாம். அவளுக்கு வேணும்னே தெரியாத ஒண்ணு அவ கைல இருந்து போகுது. கி.ரா.வுக்க (கி.ராஜநாராயணன்) 'கதவு'ல வேணா அண்ணாச்சி சொல்லுதது செரி, வரி பாக்கிக்காக வீட்டுக் கதவக் கழட்டிட்டுப் போயிருவாங்க, பிள்ளைங்களுக்கு அந்தக் கதவு வேணும், அம்புட்டுத்தான். ஆனா வாசிச்சா பஞ்சம், தலையாரி, குளிருத வீடு எல்லாம் உள்ள வந்துரும். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்ங்க ஒரே கிராமத்துல 1923ல கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பொறந்திருக்காங்க, அந்தத் தண்ணில என்ன இருந்துதோ.

கோட்டாறு பழைய பில்லு:

தங்கச்சிக்கு நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ருக்மிணி விசயத்துல நீங்க சொல்லுததுதான் செரி.

குளச்சல் தம்பிக்கு ஒண்ணு. உங்க அம்மை முகத்தப் பாத்து குழம்ப கண்டுபுடிச்சம்னு எழுதுனியளே, அத வாசிச்சுட்டு நான் எனக்க வீட்டுக்காரிய கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுனேன். ஏலத்துல என்ன தொகை சொன்னான், உங்க அம்மை என்ன சொன்னாங்க, தரகு எவ்வளவு போச்சு, அதோட எழுதணும். நீங்க எழுதல்லன்னா மெட்ராஸ்ல இருந்து ஒருத்தன் வந்து எழுதுவான், அவன் சாளைக்கும் நெத்திலிக்கும் வித்தியாசம் தெரியாம எழுதுவான்.

குளச்சல் கரைமடி:

அண்ணாச்சி, எழுத ஆசைதான். உக்காந்தா 'நீலக்கடல் அலைகள்'னு வருது, கிழிச்சுப் போட்டுருதேன்.

கருங்கல் டீச்சர்:

கிழிச்சது நல்லது. ஏலத்துல இருந்து ஆரம்பிங்க.

வடசேரி மாடி:

எல்லாருக்கும் நன்றி, நான் கேட்டதவிட அதிகமாக் கிடைச்சுது. இந்த வாரம் மூணு கதை: 'ஒரு நாள் கழிந்தது', 'இடலாக்குடி ராசா', தோப்பில் ஐயாவுக்க சிறுகதைல ஒண்ணு. மூணாவது எதுன்னு கருங்கல் டீச்சரும் குளச்சல் தம்பியும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க, நான் வேப்பமூடு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துருதேன். 'செல்லம்மாள்' இப்ப வேண்டாம், முப்பந்தல் தம்பி மீதிய வாசிக்க அன்னைக்கு வச்சிக்கிடலாம். பில்லு அண்ணாச்சி, படி ஏற முடியலன்னா கீழ வராந்தால வச்சிக்கிடுவோம், போன் பண்ணுங்க. ரசவடை எனக்க பொறுப்பு.

குளச்சல் கரைமடி:

ஞாயித்துக்கிழமைன்னா நாங்க கடலுக்குப் போக மாட்டோம், வரலாம். எனக்க கூட கடல்ல போற ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாறேன், அவங்களுக்கு எழுத்து வேகமா வாசிக்க வராது, யாராவது சத்தமா வாசிக்கணும். முப்பந்தல் தம்பி வாசிப்பியா?

முப்பந்தல் காத்தாடி:

வாசிக்கேன் அண்ணா. அபேட்சகர் மாதிரி வார்த்தை வந்தா நிறுத்திருவேன், நீங்கதான் சொல்லணும்.